டிரான்ஸ்ஃபார்மரில் இறங்காத கியர்

சேசு மரி சூசை துணை

வெள்ளோடு,
டிசம்பர் 3, செவ்வாய், பகல்.

ஓசூரில் இருக்கும் என் கொழுந்தனார் ரொனால்டுக்கு, மதினி வியாகுலம்மாள் ஆண்டவரை வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் மகள் ரீனாவும் உயிரோடு இருக்கிறோம். கோழிகளும் அப்படியே. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இதோடு மரியாதை முடிந்தது. இனி விசயத்துக்கு வாரேன்.

இந்தக் கடுதாசியை நின்ற இடத்திலேயே படி. படித்ததும், வாழைத்தாரோடு வந்த அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை உன் சினேகிதன் வண்டியில் மாட்டப்போவதாக ரீனாவிடம் போனில் சொன்னாயாமே, மாட்டாதே. ஏன் என்பது கீழே இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரி மதினி, சரி மதினி" என்று நாலு தரம் சொல்லி வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. ரீனா, "நான் எழுதித் தாரேம்மா" என்றாள். அவள் எழுதினால் மரியாதையாக இருக்கும். அதனால் அஞ்சாம் வகுப்புக் கையெழுத்தில் நானே எழுதுகிறேன். நீ ஆறாவது படிக்கும்போது உன் டவுசருக்குப் பித்தான் தைத்த கைதான் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அண்ணன் அந்தப் பிக்கப் வண்டியை ஏன் வாங்கினார் என்று உனக்கு மறந்திருக்காது. சர்க்கரை வியாதி அவருடைய இடது பாதத்தில் பாதியை எடுத்துக்கொண்ட பிறகு, "பாஸ்கல், இனிமே கிளட்ச் மிதிக்கிற சோலியே ஆகாது" என்று டாக்டர் சொன்னார். மனுசன் ஓட்டுவதை விட்டாரா? கிளட்சைத்தான் விட்டார். கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவரிடம் போய், கிளட்சே இல்லாத, கியர் தானாக மாறிக்கொள்கிற வண்டியைப் பழசாகப் பிடித்து வந்தார். "நான் ஒன்னும் சொல்ல வேண்டியதில்ல வியாகுலம், தானா மாறிக்கும்" என்று ஊர் முழுக்க ஓட்டிக் காட்டினார். எட்டு வருசம் அதில்தான் சிறுமலைக்கு உரமூட்டை ஏற்றினார், திரும்பும்போது வாழைத்தாரை இறக்கிக்கொண்டு வந்து திண்டுக்கல் மண்டியில் போட்டார்.

மத்தியானம் ஏலம் முடிந்து வீட்டுக்கு வரும்போது, நம் தெரு முனையில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதே, சரியாக அந்த இடத்தில் வண்டி ஒரு கியர் இறங்கும். தூங்குகிறவனைத் தட்டி எழுப்பினால் ஒரு முனகல் முனகுவானே, "ங்ஙும்" என்று, அப்படி ஒரு சத்தம். அது காதில் விழுந்ததும் நான் தட்டில் சோற்றைப் போடுவேன். அவர் காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்காரும்போது சோற்றில் ஆவி பறக்கும். "எப்படிடி இம்புட்டு கரெக்டாப் போடுற?" என்பார். "ஒங்க வண்டிதான் சொல்லுதே" என்பேன். "அது என்னமோ, அந்த எடம் வந்தா அதுக்கு மூச்சு முட்டுது" என்பார். எட்டு வருசமாக ஒரு நாள் தவறாமல் அதற்கு அங்கேயே மூச்சு முட்டியது.

மே மாதம் அவர் போனார். நீ வந்து தோள் கொடுத்தாய். அதை எழுத வேண்டாம்.

முப்பதாம் நாள் பூசை முடிகிறவரை வண்டியை யாரும் தொடவில்லை. தொட்டபோது அதுவும் செத்துக் கிடந்தது. பேட்டரி போய்விட்டதாம். புதுசு வாங்கிப் போட்டு, கருப்பணனை ஓட்டச் சொன்னேன். கருப்பணனை உனக்குத் தெரியும், லோடு ஏற்ற இறக்க உன் அண்ணனோடேயே பக்கத்தில் உட்கார்ந்து போனவன், அதற்கு முந்தி லாரி ஓட்டினவன். முதல் நாள் அவன் போய்விட்டுத் திரும்பி வரும்போது டிரான்ஸ்ஃபார்மரில் "ங்ஙும்" என்றது. என் கை தானாகத் தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. தட்டில் போட்ட சோற்றைத் திரும்பப் பானையில் போடும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. வாசலில் கருப்பணன் சாவியோடு நின்றான். "உக்காருப்பா" என்றேன். மறுநாளும் சத்தம் வந்தது. மறுநாளும் சோறு. ஐந்தரை மாதம் இப்படியே போயிற்று. உன் அண்ணன் தட்டில் சாப்பிட்டு கருப்பணன் ஆறு கிலோ கூடிவிட்டான். நான் அந்த ஆறு கிலோ குறைந்துவிட்டேன் என்று ரீனா சொல்கிறாள். வீட்டு எடை வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது, நீ கவலைப்படாதே.

சாப்பிட்டவன் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, சிறுமலை ஏத்தத்துல வண்டி படுத்துதுக்கா. ரெண்டாங் கியர்ல இருக்கவா, மூணாங் கியருக்குப் போகவான்னு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தவிக்குது. மூட்டையோட வளைவுல நிக்கும்போது பயமா இருக்கு" என்றான். அதை உன்னிடமும் போனில் சொல்லியிருக்கிறான். நீ கார் கம்பெனியில் வேலை பார்க்கிறாய் அல்லவா, சும்மா இருப்பாயா? ஒரு வாரத்தில் பார்சல் வந்தது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்கு ஒரு வால். ட்யூனராம். "ஸ்டியரிங்குக்குக் கீழ சொருகினா போதும் மதினி, எந்த வேகத்துல எந்தக் கியர் மாறணும்னு நாமளே அதுக்குச் சொல்லிக்கலாம்" என்றாய். முப்பது வருசத்தில் நான் சொல்லி உன் அண்ணன் ஒன்றும் மாறியதில்லை. அவர் வண்டி மட்டும் ஒரு பெட்டி சொன்னால் மாறிக்கொள்ளுமாம்.

இருந்தாலும் அவர் வண்டி. அவரைக் கேட்காமல் எப்படிக் கை வைப்பது? கல்லறைத் திருநாள் அன்று பெட்டியையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கல்லறையில் பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, நடுவில் பெட்டியை வைத்து, "ஒங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா மெழுகுவத்தியை அணைச்சுக் காட்டுங்க" என்று முழங்காலில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து மழை. கல்லறைத் தோட்டத்தில் இருந்த அத்தனை மெழுகுவத்தியும் அணைந்தது. உன் அண்ணனுக்கு இஷ்டமில்லை என்றால் அணையட்டும், பக்கத்தில் படுத்திருக்கிற அத்தனை பேருக்குமா என் வண்டியில் இஷ்டமில்லை? இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று பங்குச் சாமியாரைக் கேட்டேன். "அம்மா, நவம்பர்ல மழை பெய்யும்" என்றார். பெட்டி நனைந்துவிட்டது. நாலு நாள் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்துக் காயவைத்தேன். அரிசிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு திண்டுக்கல்லில் மெக்கானிக் பாண்டியராஜிடம் போனோம். கை கறுக்காத மெக்கானிக். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டான். "மொதல்ல இதுல இருக்குற பழைய செட்டிங்கை எடுத்து பெட்டிக்குள்ள பத்திரமா வச்சுக்கிறேன்க்கா. அப்பறம் புதுசு ஏத்தலாம். கியர் எப்படி மாறணும்? சீக்கிரமா? மெதுவாவா? ரேஸ் வண்டி மாதிரியா?" என்றான். நான், "எங்க வீட்டுக்காரர் ஓட்டுற மாதிரி மாறணும்" என்றேன். அவன் லேப்டாப்பில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு ஆப்ஷன் இல்லக்கா" என்றான்.

முதல் தரம் வைத்ததில் கியர் சீக்கிரம் சீக்கிரமாக மேலே போய்விட்டது. தெருவைத் தாண்டுவதற்குள் நாலாம் கியர். சமதரையில் டீசல் மிச்சமாம். ஏற்றத்திலோ, மூன்றாம் வளைவில் வண்டி நடுங்கி நின்றுவிட்டது. பாதி உர மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஏறி, திரும்ப வந்து மிச்ச மூட்டையை ஏற்றி, அன்றைக்கு ஒரு மலையை ரெண்டு தரம் ஏறினான் கருப்பணன். ரெண்டாம் தரம் பாண்டியராஜ் வைத்ததில் கியர் மேலே போகவே மறுத்தது. உறுமிக்கொண்டே இருந்து, பின்னால் யாரோ தள்ளிவிட்ட மாதிரி பாய்ந்தது. ரயில்வே கேட் திறந்ததும் கருப்பணன் லேசாகத்தான் மிதித்தானாம். வண்டி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, ஏழு வாழைத்தார் இந்தப் பக்கம் இருந்தது. பின்னால் நின்றது பேச்சாயியின் ஆட்டு மந்தை. ஆடுகள் காய், பழம் பார்க்கவில்லை. மறுநாள் காலை பேச்சாயி மூன்று ஆடுகளை இழுத்துக்கொண்டு வந்து நம் வேப்பமரத்தில் கட்டினாள். "வயிறு உப்பிப் போய்க் கெடக்கு பாரு. ஒங்க வண்டி போட்ட காயத்தான தின்னுச்சு, சரியாகுற வரைக்கும் ஒங்க வீட்லயே கெடக்கட்டும்" என்றாள். "ஆடு தின்னதுக்கு நானாத்தா பொறுப்பு?" என்றேன். "பின்ன, ஆடு என்ன கியரா போட்டுச்சு?" என்றாள். நாலு நாள் ஓமத் தண்ணி கொடுத்தேன்.

மூன்றாம் தரம்தான் சரியாக வந்தது. போன திங்கட்கிழமை. இதில் குறை சொல்ல வாயில்லை. எத்தனாவது வளைவில் கியர் மாறுகிறது என்றே தெரியவில்லையாம். ஏற்றத்தில் தவிப்பு இல்லை, தரையில் உறுமல் இல்லை. "நூல் இழுத்த மாதிரி போகுதுக்கா" என்றான் கருப்பணன். ஒன்று மட்டும் பாண்டியராஜ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினான்: புது செட்டிங் படிகிறவரை, ஐநூறு கிலோமீட்டருக்கு, கியர் லீவர் பக்கம் கை போகவே கூடாது. லாரிக்காரப் பழக்கத்தில் கருப்பணனின் இடது கை எப்போதும் லீவரிலேயே கிடக்கும். இப்போது அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்த புதுமாப்பிள்ளை மாதிரி ஓட்டுகிறான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் யாரோ கனைக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கருப்பணன்.

"என்னப்பா, சளியா?"

"இல்லக்கா. வந்துட்டேன்."

"எப்ப வந்த?"

"வந்து செத்த நேரமாச்சு."

வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. தட்டு கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. அவனுக்குச் சோறு போட்டேன். ஆனால் அது கருப்பணனுக்குப் போட்ட சோறு. உனக்குப் புரிகிறதா ரொனால்டு? புதன்கிழமையும் சத்தம் இல்லை. வியாழக்கிழமை டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியிலேயே போய் நின்றேன். லைன்மேன், "என்னம்மா, கரண்ட் இல்லையா?" என்றார். வண்டி என்னைத் தாண்டி, பூனை மாதிரிப் போயிற்று. வீட்டுக்கு வந்தேன். எல்லாம் இந்தப் பெட்டியால் வந்தது என்று, உனக்கு அனுப்ப வைத்திருந்த வாழைத்தாருக்கு நடுவில் அதைச் செருகி, சாக்கில் கட்டி, பார்சலில் போட்டுவிட்டேன். சாகிற வரைக்கும் அது என் கண்ணில் படக் கூடாது என்றுதான் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பாண்டியராஜிடம் போய், "ஏத்தம் போனாப் போகுது, எனக்குப் பழசையே வச்சுக் குடுப்பா" என்றேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன். அவன் லேப்டாப்பை மூடிவிட்டு, "அக்கா, இந்த மாதிரி கியர்பாக்ஸ் ஓட்டுறவங்களோட கால் பழக்கத்தைப் படிச்சு வச்சுக்கும். எம்புட்டு அழுத்துறாங்க, எப்ப விடுறாங்கன்னு. எட்டு வருசமா அண்ணன் கால்தான படிச்சிருக்கும்? ஆனா டிரான்ஸ்ஃபார்மரை எல்லாம் அது படிக்காதுக்கா" என்றான். டிரான்ஸ்ஃபார்மரை அது படிக்காது என்று அவனுக்கு எப்படித் தெரியும், அவன் நம் தெருவுக்கே வந்ததில்லை. என் காதில் விழுந்தது முதல் பாதிதான். உன் அண்ணன் கால் அதற்குள் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரன் பாதியை எடுத்தான், மண் மிச்சத்தை எடுத்தது, இது ஒன்று தப்பி வண்டிக்குள் கிடந்திருக்கிறது, அதை நான் ஏற்றத்துக்காக அழிக்கச் சொல்லி முன்னால் நின்று பார்த்திருக்கிறேன். "பழசு எங்கப்பா இருக்கு?" என்றேன். "அந்தப் பெட்டிக்குள்ளதான்க்கா. அதைச் சொருகினா பழசை ஏத்திரலாம். வேற வண்டியில மாட்டிட்டா மட்டும் நம்ம பழசு அழிஞ்சிரும்" என்றான். நான் உன் அண்ணனை வாழைத்தாரோடு சாக்கில் கட்டி ஓசூருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாட்டாதே. உன் சினேகிதனுக்கு வேறு பெட்டி கிடைக்கும். அவரை பஸ்ஸிலோ பார்சலிலோ அனுப்பாதே, நீயே லீவு போட்டு எடுத்துக்கொண்டு வா. மழையில் நனைக்காதே. அரிசியில் போடாதே. வண்டி மலையில் நின்றால் நிற்கட்டும், மூட்டையை இறக்கி ஏற்றிக்கொள்ளலாம். எனக்கு மத்தியானம் ஒரு மணிக்கு அந்த ஒரு சத்தம் வேண்டும். வேறு ஒன்றும் உன்னிடம் நான் இதுவரை கேட்டதில்லை, டவுசர் பித்தானுக்குக்கூட.

உன் வீட்டுக்காரியிடம் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டே இருக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல். பிள்ளைகள் நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நீ ஒன்று போட்டுவிடு. செபஸ்தியார் உங்கள் எல்லாரையும் காய்ச்சலிலிருந்தும் லாரியிலிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மதினி,
பா. வியாகுலம்மாள்.

பின்குறிப்பு: கடுதாசியை மடித்துவிட்டேன். ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போன நேரத்தில் பாண்டியராஜே பைக்கில் வந்துவிட்டான். மனசு கேட்கவில்லையாம், வண்டியை ஒரு தரம் பார்க்கிறேன் என்றான். அப்போதுதான் கருப்பணனும் லோடு போட்டுவிட்டு வந்திருந்தான். பாண்டியராஜ் பானட்டைத் தூக்கினான். "பேட்டரி புதுசா இருக்கே, எப்ப மாத்துனீங்க?" என்றான். முப்பதாம் நாள் பூசை முடிந்து என்றேன். "அப்ப ஒரு மாசம் பேட்டரி செத்துக் கெடந்துச்சா? அன்னைக்கே படிச்சது பூரா அழிஞ்சிருக்கும்க்கா. பெட்டிக்குள்ள இருக்குறது கம்பெனி செட்டிங்தான். அண்ணன் கால் அதுல இல்ல" என்றான். "அப்ப அஞ்சரை மாசமா டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட கியரை எறக்குனது யாரு?" என்றேன். பாண்டியராஜ் திரும்பிக் கருப்பணனைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கருப்பணன் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாலு டயரையும் பார்த்தான். அஞ்சாவது டயர் இல்லாததால் நிமிர்ந்தான்.

"லீவரைப் பக்கத்துல தள்ளித் தட்டுனா கையாலயே எறக்கலாம்க்கா" என்றான். "மொத நாளு பழக்க தோசத்துல தட்டிட்டேன். நீங்க தட்டோட வெளிய வந்தீக. அந்த மொகத்தைப் பாத்துட்டு மறுநாளு எப்படித் தட்டாம இருக்க?"

"சோத்துக்காகத் தட்டுனியா, எனக்காகத் தட்டுனியா?"

"பொய் சொல்லக் கூடாது. ரெண்டுக்கும்தான்."

"பழக்க தோசம்னா, யாரு பழக்கம்?"

"அண்ணன் பழக்கம்தான். அவரும் அந்த எடத்துல தட்டித்தான் எறக்குவாரு. நான் பக்கத்துல உக்காந்து எத்தன வருசம் பாத்திருக்கேன். 'வியாகுலத்துக்கு மணி அடிச்சிட்டேன்டா கருப்பணா, இன்னேரம் சோறு தட்டுல விழுந்திருக்கும்'பாரு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கி வச்சிருந்தாரு."

மூச்சு முட்டுகிறது என்றாரே, பார்த்தாயா. எட்டு வருசம் என்னை ஏமாற்றியிருக்கிறார். ஒரு நாள் தவறாமல் ஏமாற்றியிருக்கிறார். இதை எழுதுகிற வரைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை, அடுப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு இருக்கிறேன், ரீனா பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் கணக்கில் வைக்காதே. பெட்டியை பீரோவிலிருந்து எடு. ஞாயிற்றுக்கிழமை தாராளமாக உன் சினேகிதன் வண்டியில் மாட்டு. லீவு போட வேண்டாம். புது செட்டிங் அப்படியே இருக்கட்டும், ஏற்றத்துக்கு நல்லது. இவ்வளவும் எழுதிவிட்டதால் கிழிக்க மனசில்லாமல் அனுப்புகிறேன்.

பாண்டியராஜ் மீட்டரைப் பார்த்தான். நாளைக்குக் காலை மலைக்குப் போய்த் திரும்பி, மண்டியைத் தாண்டி வரும்போது, டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னாலேயே, ஐநூறு முடிகிறது. கருப்பணன் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கலாம். நான் குழம்புக்குப் புளி கரைக்க வேண்டும், வைக்கிறேன்.